பறவைக் காலே அளவுகோல்



இயற்பியல் ஆசிரியருக்குச் சதுப்பு நிலத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் லென்சும் தராசும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியவர், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் சேற்று நிலத்தின் ஓரம் போய் நிற்பானேன்? நான் முதன்முதலில் அங்கே போனது ஒளிவிலகல் பாடம் நடத்துவதற்காகத்தான். திரும்பி வரும்போது ஒரு மாணவர் கேட்ட கேள்வி என்னுடன் வந்தது. அந்தக் கேள்வியை இன்று உங்களிடம் தரப்போகிறேன். விடையை நாம் சேர்ந்தே தேடுவோம்.

நாம் போகும் இடம் சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணை. வேளச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கித் தாம்பரம் செல்லும் பேருந்தில் ஏறினால் சில நிமிடங்களில் வந்துவிடலாம். சாலையின் ஒரு பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். மறுபக்கம் கோரைப் புல்லும் சம்பும் நாணலும், நடுநடுவே வானத்தைக் காட்டும் நீர்ப்பரப்பும். இதற்கு ஊரார் வைத்திருந்த பெயர் கழுவெளி. 2007-ஆம் ஆண்டு இதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு பள்ளிக்கரணை 1,247 ஹெக்டேர் பரப்புடன் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம் பெற்றது. ஒரு பெருநகரத்தின் நடுவே இப்படி ஒரு காட்டுயிர்ப் புகலிடம் இருப்பது அரிது.

போக வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. புவியியல் பாடத்தில் 'இலையுதிர் காலம்' என்று ஒரு பருவத்தைப் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் செப்டம்பர் இறுதி தொடங்கி மரங்கள் மஞ்சளாகிச் சிவந்து இலை உதிர்க்கும். அதே மாதங்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. பண்டைத் தமிழர் இப்பருவத்தைக் கூதிர் என்று அழைத்தனர். அங்கே இலை உதிர்வதும் இங்கே பறவை வந்து இறங்குவதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். அந்தக் காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

பறவைக்கு நாட்காட்டி தந்தவர் யார்?

பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. இதனால்தான் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. சென்னை வட அட்சம் 13 பாகையில் இருப்பதால் நமக்கு இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை. நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான். ஆனால் 60 பாகை வட அட்சத்தில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். டிசம்பர் மாதப் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. செப்டம்பர் இறுதியில் அங்கே ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஐந்து நிமிடத்துக்கும் மேலாகப் பகல் சுருங்கிக்கொண்டே போகும்.

இந்தச் சுருக்கந்தான் பறவைக்கு நாட்காட்டி. குளிரை நம்பிப் புறப்பட முடியாது. ஓர் ஆண்டு குளிர் முந்தும், ஓர் ஆண்டு பிந்தும். பகலின் நீளமோ ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே அளவாக இருக்கும். அதை உணர்ந்ததும் பறவையின் உடலில் சுரப்புகள் மாறுகின்றன. அது நிறைய உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. ஏன் கொழுப்பு? ஒரு கிராம் மாவுப்பொருள் சுமார் 4 கிலோ கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ சுமார் 9 கிலோ கலோரி தரும். பறக்கிறவருக்கு எடை குறைவான எரிபொருள் வேண்டும் அல்லவா?

எவ்வளவு தூரம் பறக்க வேண்டும் என்று நாமே கணக்கிடலாம். 60-லிருந்து 13-ஐக் கழித்தால் 47 பாகை. ஒரு பாகை அட்சத்துக்குச் சுமார் 111 கி.மீ. ஆகவே நேர் தெற்காகப் பறந்தாலும் 5,200 கி.மீட்டருக்குக் குறையாது. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், சிறகை நிறுத்தாமல் பறக்க 87 மணி நேரம் ஆகும். உண்மையில் பறவைகள் வழியில் பல ஈரநிலங்களில் இறங்கி, உண்டு, இளைப்பாறித்தான் வருகின்றன. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இப்படி வரும் விருந்தினர்கள்.

நனையாமல் ஆழம் அளப்பது எப்படி?

2017-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் பத்துப் பேருடன் சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். சூரியன் முதுகுப்பக்கம் இருந்தது. பறவைகள் மேல் வெளிச்சம் விழுந்தது. எங்களிடம் இருந்தது 8×40 என்று எழுதிய பைனாகுலர். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்புற லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. அதாவது கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணின் பாவையும் ஏறத்தாழ அவ்வளவுதான் விரிந்திருக்கும். ஆகையால் அந்நேரத்துக்கு இந்தக் கருவி பொருத்தம்.

ஒரு மாணவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், பறவைங்க ஏன் கலந்து நிக்காம வரிசை வரிசையா நிக்குது?"

"அங்கங்கே இரை இருக்கிறது, அதனால்தான் தம்பி" என்றேன்.

"அப்படின்னா எல்லாப் பறவையும் எல்லா இடத்துலயும் நிக்கணுமே, சார். சின்னது எல்லாம் கரையில, காலு நீளமானது தள்ளி, வாத்து அதுக்கும் அந்தப் பக்கம். கோடு போட்ட மாதிரி இருக்கு."

பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கரையின் ஈரச் சேற்றில் கொசு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை இறங்கக்கூடியது இரண்டு மூன்று செ.மீ. நீரில்தான். அதற்கு அப்பால் நெடுங்கால் உள்ளான்கள்; சிவந்த குச்சி போன்ற கால்கள், கறுப்புச் சிறகு, வெள்ளை வயிறு. அடுத்து வெண்கொக்குகளும் மஞ்சள் மூக்கு நாரைகளும். அதற்கும் அப்பால் வாத்துகள், வாலை மேலே தூக்கித் தலையை நீருக்குள் விட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தன. கழுத்துக்கு எட்டும் ஆழம் வரைதான் இந்த வித்தை பலிக்கும். கடைசியில் ஆழமான நீரில் நாமக்கோழிகளும், மூழ்கி மூழ்கி எழும் முக்குளிப்பானும்.

ஒரு பறவை எங்கே நிற்கிறது என்பது அங்கே நீர் எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லிவிடுகிறது! வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் சமவுயரக் கோடு வரைவார்களே, அதுபோலப் பறவைகள் அந்தச் சதுப்பில் சம ஆழக் கோடுகளை வரைந்து வைத்திருந்தன.

காப்புக்காட்டுக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் சேறும் விடாது. ஆனால் நெடுங்கால் உள்ளானை அளவுகோலாக வைத்துக் கரையிலிருந்தே ஆழத்தை அளக்கலாம். அதன் காலில் பின்பக்கம் மடியும் ஒரு மூட்டு தெரியும். அது முழங்கால் அன்று. உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. பாதத்திலிருந்து அந்த மூட்டு வரை சுமார் 12 செ.மீ. நீர் மூட்டைத் தொட்டால் ஆழம் 12 செ.மீ.; பாதி வரை இருந்தால் 6 செ.மீ.

இந்த அளவீட்டில் பிழை இல்லையா? உண்டு. பறவைக்குப் பறவை கால் நீளம் சற்று மாறும். நம் கண் மதிப்பீடும் தவறலாம். இருபது பறவைகளைப் பார்த்துச் சராசரி எடுத்தால் இவ்வகைப் பிழை குறையும். ஆனால் எல்லாப் பறவைகளின் பாதமும் சேற்றில் ஒரு செ.மீ. புதைந்திருந்தால்? ஆயிரம் பறவைகளை எண்ணினாலும் அந்தப் பிழை போகாது. முதலாவது தற்செயல் பிழை. இரண்டாவது ஒழுங்குப் பிழை. திருகு அளவியில் சுழிப்பிழை பார்க்கச் சொல்லி உங்கள் ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்று இப்போது புரிகிறதா?

போகிற போக்கில் மூன்று பாடங்கள்

நான் நடத்தப் போன ஒளிவிலகல் பாடம் என்ன ஆயிற்று? அதையும் சொல்லிவிடுகிறேன். நீரின் விலகல் எண் சுமார் 4/3. நேர் மேலிருந்து பார்த்தால் 12 செ.மீ. ஆழத்தில் உள்ள மீன் 9 செ.மீ. ஆழத்தில் இருப்பதுபோலத் தோன்றும். கொக்கு பெரும்பாலும் சாய்வாகப் பார்க்கிறது. அப்போது மீன் இன்னும் மேலே வந்ததுபோலத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கொத்தினால் கொக்குக்குப் பட்டினிதான். கொக்கினங்கள் இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டே கொத்துகின்றன என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஸ்நெல் விதியை அவை படித்ததில்லை. ஆனால் விடையைச் சரியாகப் போடுகின்றன.

அடுத்தது இலைக்கோழி. மிதக்கும் இலைகள் மேல் நடந்துபோகும் பறவை இது. இதன் விரல்களும் நகங்களும் வியப்பூட்டும் அளவுக்கு நீளமானவை. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது. அதே எடை பத்து மடங்கு பரப்பில் பரவினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகும். மண்வெட்டியின் விளிம்பு கூராக இருப்பதற்கும், சேற்று நிலத்தில் ஓடும் டிராக்டருக்கு அகலமான சக்கரம் இருப்பதற்கும் இதே விதிதான்.

மூன்றாவது வாத்து. வாத்து நீரில் மிதந்தும் நனைவதில்லை. இறகின் நுண்ணிய இழைகளுக்கிடையே காற்று அடைபட்டிருக்கிறது. வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்கிறது. நீரின் பரப்பு இழுவிசை நீரை அந்த இடுக்குகளுக்குள் புகவிடுவதில்லை. இப்போது ஒன்று யோசியுங்கள். நாம் துணி துவைக்கும் சோப்புத்தூளின் வேலை என்ன? பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துணியின் இழைக்குள் நீரைப் புகச் செய்வது. வீட்டுக் கழிவுநீர் அளவுக்கு மீறிச் சதுப்பில் கலந்தால் துணிக்கு நேர்வதே இறகுக்கும் நேரும். உள்ளிருக்கும் காற்று போய்விட்டால் மிதப்பும் குறையும். உடல் சூடும் வெளியேறும்.

மழைக்குப் பிறகு

அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் பலத்த மழை கொட்டியது. இரண்டு வாரம் கழித்து அதே மாணவர்களுடன் அதே இடத்துக்குப் போனோம். நீர்மட்டம் நன்றாக உயர்ந்திருந்தது. முன்பு சேறாக இருந்த இடமெல்லாம் நீர். வாத்துகளும் நாமக்கோழிகளும் எங்கும் பரவியிருந்தன. முதல் நாள் நாற்பதுக்கும் மேல் எண்ணிய நெடுங்கால் உள்ளான்களில் அன்று கண்ணில் பட்டவை ஆறே ஆறு. அந்த ஆறும் சாலைக் கரையை ஒட்டியிருந்த ஒரு மண்மேட்டின் சரிவில் நெருக்கியடித்து நின்றன. கொசு உள்ளான் ஒன்றுகூட இல்லை.

"தண்ணி நிறைய வந்தா பறவைக்கு நல்லதுதானே சார்? ஏன் போயிடுச்சு?" என்று அதே மாணவர் கேட்டார்.

அவர் கேள்விக்கு விடை பறவையிடம் இல்லை. நிலத்தின் வடிவத்தில் இருக்கிறது.

தட்டும் டம்ளரும்

வீட்டில் விளிம்பு சாய்ந்த ஒரு சாப்பாட்டுத் தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் கொஞ்சம் நீர் ஊற்றினால், விளிம்பை ஒட்டி ஆழம் குறைந்த வளையம் ஒன்று இருக்கும். இன்னும் ஊற்றுங்கள். நீர் வெளிப்பக்கம் பரவும். அந்த வளையம் மறையாது, சற்று வெளியே நகரும், அவ்வளவுதான். டம்ளரில் ஊற்றினாலோ நீர் மேலே ஏறும். ஆழம் குறைந்த இடம் என்று ஒன்று அங்கே எங்கேயும் இருக்காது.

இயற்கையான சதுப்பு தட்டைப் போன்றது. எடுத்துக்காட்டாக, நிலம் ஒரு கி.மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் மெல்லச் சரிகிறது என்று கொள்வோம். நெடுங்கால் உள்ளானுக்கு ஏற்ற, 20 செ.மீட்டருக்கு மேற்படாத நீர் அங்கே எவ்வளவு அகலத்துக்கு இருக்கும்? சாய்வு ஆயிரத்தில் ஒன்று, ஆகவே 0.2 மீட்டரை 1,000-ஆல் பெருக்க வேண்டும். 200 மீட்டர்! இப்போது மழையால் நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால், அந்த 200 மீட்டர் பட்டை 500 மீட்டர் வெளியே நகரும். பறவையும் கூடவே நகரும். கோடையில் நீர் வற்றினால் பட்டை உள்ளே வரும்; பறவையும் உள்ளே வரும். பட்டை நகருமே தவிர மறைவதில்லை.

ஆனால் அந்த 500 மீட்டரில் ஒரு சாலைக் கரையும் மதிலும் கட்டடமும் வந்துவிட்டால்? தட்டின் விளிம்பை வெட்டி டம்ளராக்கிவிட்டோம் என்று பொருள். மழை வந்தால் ஆழம் கூடும். ஆழம் குறைந்த பட்டை இருக்க இடமில்லை. அந்த ஆறு பறவைகளும் மண்மேட்டில் நின்றது இதனால்தான். அவை நின்றது, காணாமல் போன ஒரு விளிம்பின் கடைசித் துண்டில்.

பள்ளிக்கரணையின் விளிம்பு அப்படித்தான் தேய்ந்தது. 1960-களில் இச்சதுப்பு சுமார் 50 சதுர கி.மீ. பரவியிருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பின்னர் வீடுகளும் அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் எழுந்தன. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் சாலை சதுப்பின் குறுக்கே போடப்பட்டது. பெருங்குடிப் பக்கம் பல பத்தாண்டுகளாக நகரின் குப்பை மலையாகக் குவிந்தது. அண்மை ஆண்டுகளில்தான் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி தொடங்கியது. பலர் கண்ணுக்கு அது வெறும் தரிசு நிலமாகத் தெரிந்ததே இதற்கெல்லாம் காரணம்.

ஒரு பெருக்கல் கணக்கு

பறவைதானே, வேறு இடம் தேடிப் போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். அன்று என்னிடம் கேள்வி கேட்ட மாணவர் அப்படி நினைக்கவில்லை. அவர் வீடு வேளச்சேரியில், தரைத்தளம். திரும்பும் வழியில் என்னை அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற அளவுக்குப் பழுப்பு நிறக் கறை ஒன்று, தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில். அப்போது அவர் பிளஸ் டூ மாணவர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்களும் செய்முறைப் பதிவேடும் போய்விட்டன. "வெள்ளை அடிச்சும் கோடு தெரியுது சார்" என்றார்.

நாங்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு சுமார் 250 சதுர கி.மீ. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் நீர் இங்கேதான் வருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது.

அந்த 250 சதுர கி.மீட்டரில் 10 செ.மீ. மழை பெய்கிறது என்க. நீரின் கன அளவு = 25 கோடி சதுர மீட்டர் × 0.1 மீட்டர் = 2.5 கோடி கன மீட்டர்.

இந்த நீர் முழுவதும் 50 சதுர கி.மீ. தட்டில் பரவினால் ஆழம்: 2.5 கோடி ÷ 5 கோடி = 0.5 மீட்டர். முழங்கால் அளவு.

ராம்சார் பட்டியலில் உள்ள பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர கி.மீ. அதில் மட்டுமே அடங்க வேண்டுமானால் ஆழம்: 2.5 கோடி ÷ 1.25 கோடி = 2 மீட்டர். உயரமான ஒருவரையும் மூழ்கடிக்கும் அளவு.

இக்கணக்கு மிக எளிமையானது என்பதை மறக்க வேண்டாம். மழைநீர் முழுவதும் ஒரே நேரத்தில் சதுப்புக்கு வருவதில்லை. ஒரு பகுதி மண்ணில் இறங்கும். ஒரு பகுதி மேலுள்ள ஏரிகளில் தங்கும். வந்ததில் ஒரு பகுதி மடுவு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 10 செ.மீ. அன்று, 49 செ.மீ.! மேலும், மண்தரை சிமெண்டும் தாருமாக மாறிய பிறகு இறங்கும் நீர் குறைந்து, ஓடும் நீர் கூடிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.

கணக்கில் உறுதியாக நிற்பது விகிதம். பரப்பு நான்கில் ஒன்றானால், அதே நீருக்கு ஆழம் நான்கு மடங்கு. இதை எந்த மோட்டாரும் எந்த மதிலும் மாற்ற முடியாது. சதுப்பின் விளிம்பில் நீருக்கு இடமில்லை என்றால், நீர் தன் விளிம்பை வேறு எங்கேனும் அமைத்துக்கொள்ளும். என் மாணவர் வீட்டுச் சுவரில் இருந்த பழுப்புக் கோடு அப்படி அமைந்த விளிம்புதான். கொசு உள்ளானுக்கு இரை தந்த அந்த ஆழம் குறைந்த பட்டையும், அந்த வீட்டைக் காத்திருக்க வேண்டிய வெற்றிடமும் வேறு வேறு இடங்கள் அல்ல, ஒரே இடம்.

வெள்ளம் போன பிறகும் அந்த நீருக்கு மதிப்பு உண்டு. ஒரு ஹெக்டேரில் ஒரு செ.மீ. ஆழ நீர் என்பது 100 கன மீட்டர். அதாவது ஒரு லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் பத்து! 1,247 ஹெக்டேரிலும் ஒரே ஒரு செ.மீ. நீர் நின்றால் 12,470 லாரிகள். 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னை மக்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். சதுப்பில் தங்கும் நீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு உதவுகிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

இதற்குச் சென்னைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. கோவையில் இருப்பவர்களுக்குச் சிங்காநல்லூர்க் குளம், மதுரையில் வண்டியூர்க் கண்மாய், திருநெல்வேலியில் நயினார்குளம். ஊருக்கு நடுவே நீர் நிற்கும் இடம் எதுவானாலும் சரி. பெரியவர் ஒருவருடன் போங்கள். கரையை விட்டு இறங்காதீர்கள்; பறவையை விரட்டாதீர்கள்; அடர் நிறச் சட்டை அணியாமல் மண் நிறத்தில் அணியுங்கள். பைனாகுலர் இல்லை என்றால் குறையில்லை. கரையோரப் பறவைகளை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

1. ஐப்பசி தொடங்கி மாசி வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்று பாருங்கள். சேற்றில் ஓடுபவை, காலால் நடப்பவை, மிதப்பவை, மூழ்குபவை என்று நான்கு கட்டம் போட்டு எண்ணிக்கையைக் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

2. நடக்கும் பறவையின் கால் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து ஆழத்தை மதிப்பிடுங்கள். குறைந்தது பத்துப் பறவைகளின் சராசரியை எடுங்கள்.

3. அருகில் மழை அளவு பதிவாகும் இடம் இருந்தால் அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவை வெட்ட வெளியில் வைத்து நீங்களே அளக்கலாம்.

4. நான்கு மாதம் கழித்து இவற்றை வரைபடத்தாளில் குறியுங்கள். கிடை அச்சில் நாள். செங்குத்து அச்சில் பறவை எண்ணிக்கை. நீர் ஏறும்போது எந்தக் கோடு இறங்குகிறது? நீர் வடியும்போது அது மீண்டும் ஏறுகிறதா? ஏறாவிட்டால், அந்தக் குளத்தின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள்.

சிந்திக்க மூன்று கேள்விகள்:

அ. நிலத்தின் சாய்வு 500-இல் ஒன்று என்றால், 20 செ.மீட்டருக்கு மேற்படாத நீர்ப்பட்டையின் அகலம் என்ன? சாய்வு கூடினால் பறவைகளுக்கு நல்லதா, தீயதா?

ஆ. உங்கள் ஊர்க் குளத்தின் பரப்பில் பாதியைத் தூர்த்துவிட்டு, ஈடாக மீதிப் பாதியை இரு மடங்கு ஆழமாக வெட்டினால் கொள்ளளவு மாறாது. வெள்ளக் கணக்குக்கு இது சரி. நெடுங்கால் உள்ளானின் கணக்குக்கு?

இ. சேற்றில் பாதம் புதைவதால் வரும் ஒழுங்குப் பிழையை, கரையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அதைவிட நல்ல விடை உங்களில் ஒருவரிடம் இருக்கக்கூடும். எழுதி வைத்துக்கொண்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த முறை பகல் சுருங்கும்போது, வடக்கே ஏதோ ஒரு ஏரியிலிருந்து ஒரு வாத்து கிளம்பும். ஐயாயிரம் கி.மீ. கடந்து வந்து அது தேடப்போவது ஓர் அடி ஆழ நீரைத்தான். அது இறங்கும்போது நோட்டுப் புத்தகத்துடன் நீங்கள் கரையில் நில்லுங்கள்.